கடற்கரைக்கு ஒரு டிரைவர்

மற்ற புரோகிராமர்கள் தப்பு செய்தால் அந்தப் புரோகிராம் மட்டும் நின்றுபோகும். கர்னலுக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் தப்பு செய்தால் கம்ப்யூட்டரே செத்துப்போகும். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற பகுதி கர்னல். வெளியே இருந்து ஒரு கருவியைச் செருகினால், அதற்கும் கர்னலுக்கும் நடுவில் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டிரைவர். நான் எழுதியது மிக எளிய வகை: கருவியிலிருந்து எழுத்து எழுத்தாக வாங்கி, கேட்கிற புரோகிராமிடம் கொடுக்க வேண்டும். திற, வாசி, மூடு. அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

இரண்டு பேருக்குச் சாப்பாடு

நாகர்கோவிலில் எங்களுடையது சின்ன கம்பெனி. முதலாளி ராஜன் சார். கருவிகளைச் செய்வது செல்வின். அவற்றுக்குள் ஓடுகிற புரோகிராம்களை எழுதுவது என் வேலை. மீன்பிடி வள்ளங்களில் வைக்க ரேடியோ பெட்டி செய்தோம். அது வள்ளம் நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கரையில் ஒரு ரிசீவர் அதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், திரையில் ஒவ்வொரு வள்ளமும் ஒரு புள்ளியாகத் தெரியும். முதல் ஆர்டர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் மீனவர் சங்கத்திலிருந்து வந்தது.

"நாளைக்கு டிரைவரோட ஷீபா வருவா" என்று சங்கச் செயலாளர் சேவியர் அண்ணனிடம் ராஜன் சார் போனில் சொல்லியிருக்கிறார். நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். சங்க அறையில் இரண்டு தட்டு, நெய்மீன் குழம்பு, பொரித்த மீன் என்று தடபுடலாக இருந்தது. "டிரைவர் என்ன, வண்டியிலயே இருக்காரா? சாப்பிட வரச் சொல்லு பிள்ளே" என்றார் அண்ணன். நான் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டி, டிரைவர் இதற்குள்தான் இருக்கிறார் என்று விளக்கினேன். அண்ணன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ அந்த மீனையும் நீயே தின்னு பிள்ளே."

தீர்த்தம்

திறப்பு விழாவை மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா சமயத்தில் வைத்துவிட்டார்கள். பஸ் முழுக்கக் கோயிலுக்குப் போகிற கூட்டம். ரிசீவரை மடியில் வைத்து, மேலே யாரும் சாயாமல் இரண்டு கையாலும் அணைத்தபடியே போய்ச் சேர்ந்தேன்.

சங்க அறைக்குள் நிற்க இடமில்லை. முன்வரிசையில் ஸ்டெல்லா அக்கா நின்றார். முதல் பெட்டி அவருடைய வீட்டுக்காரர் அந்தோணி அண்ணனின் 'இருதயராஜா' வள்ளத்தில்தான் பொருத்தப்பட்டிருந்தது. பங்குத்தந்தை ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். நான் பட்டனைத் தட்டியதும் திரையில் புள்ளிகள் வந்தன, கைதட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் திரை உறைந்தது. கீபோர்டில் விளக்கு மின்னியது. கர்னல் மொத்தமாக விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் என்னைப் பார்க்க, ஃபாதர் மட்டும் கையிலிருந்த தீர்த்தச் செம்பைப் பார்த்தார்.

"நான் ரெண்டு சொட்டுதாம்மா தெளிச்சேன்."

ஆபீஸில் ஓடியது

ரிசீவருக்குத் தகவல் வந்ததும், கர்னல் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு டிரைவரைக் கூப்பிடும். அந்த நேரத்தில் டிரைவர், வந்த தகவலை வாங்கி வைத்துவிட்டு உடனே நகர வேண்டும்; எதற்காகவும் காத்து நிற்கக் கூடாது. என் டிரைவர் ஓரிடத்தில் காத்து நின்றது. ஆபீஸில் ஒரே ஒரு பெட்டியை வைத்துச் சோதித்ததால் காத்து நிற்க வேண்டிய நிலையே வரவில்லை. கடற்கரையில் எல்லா வள்ளங்களும் ஒரே சமயத்தில் பேசின.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் ராஜன் சார் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஆர்டர் திரும்பிப் போனால் கம்பெனி இருக்காது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். சேவியர் அண்ணன் நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டார். ராஜன் சார் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணன் தொடவில்லை. நான் வாயைத் திறந்து, "அண்ணா, இங்க ஆபீஸ்ல நல்லாத்தான்..." என்று தொடங்கினேன்.

"ஆபீஸ்ல ஓடுச்சுன்னு சொல்லாத பிள்ளே. ஆபீஸ்ல கடல் கிடக்கா?"

புள்ளிகள் போன மதியம்

திருத்திய டிரைவர் மழைக்காலம் வரை ஒழுங்காக ஓடியது. ஐப்பசியில் ஒருநாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். வள்ளங்கள் கடலுக்குப் போன பிறகு புயல் எச்சரிக்கை வந்தது. மதியத்துக்குள் கடல் நிறம் மாறிவிட்டது. சேவியர் அண்ணன் கரையிலிருந்த தனி ரேடியோவில் பெட்டிகளுக்குத் 'திரும்பி வா' சிக்னலை அனுப்பினார். புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைப்பக்கம் திரும்பின. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள். முன்பொரு புயலில் ஆள் திரும்பாத வீடுகள் அந்த ஊரில் உண்டு.

திடீரென்று புள்ளிகள் அணையத் தொடங்கின. பாதிக்கு மேல் போய்விட்டன. 'இருதயராஜா'வும் இல்லை. ஸ்டெல்லா அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மோளே, அவிய எங்க?" என்றார். சேவியர் அண்ணன் குனிந்து, "கடைசியா தெரிஞ்ச இடத்துக்குப் பெரிய படகு விடட்டா? அந்த அலைக்குள்ள போறவனும் உயிரோடதான் விளையாடணும். சொல்லு" என்றார். டிரைவரைக் கழற்றி மறுபடி மாட்டலாம். அது சரியாக ஏறாவிட்டால் மிச்சமிருக்கும் புள்ளிகளும் போய்விடும். "கொஞ்சம் பொறுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு, செல்வினுக்குப் போன் போட்டேன்.

"செல்வின், ரிசீவர் போச்சா? பாதிக்கு மேல புள்ளியக் காணல."

"இல்லியே ஷீபா. எனக்கு இங்க எழுத்து வந்துட்டே இருக்கே."

"உனக்கு எப்படி வருது?"

"புயல்னு சொன்னாங்கல்லா, பயமா இருந்துச்சு. இப்பதான் ஆபீஸ்ல இருந்து நெட் வழியா சங்கத்துக் கம்ப்யூட்டருக்குள்ள வந்து ரிசீவரைத் திறந்து பார்த்துட்டு இருக்கேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே ரிசீவரை இரண்டு பேர் திறந்திருக்கிறோம். வரும் எழுத்துகளில் பாதியை அவன் வாசித்துவிடுகிறான், மீதி எனக்கு வருகிறது. முழுதாக வராத தகவலைத் திரைப் புரோகிராம் தூக்கி எறிந்துவிடும். இரண்டாவது ஆளைத் தடுக்க என் டிரைவரில் ஒரு வரிகூட இல்லை. "மூடு! உடனே மூடு!" என்று கத்தினேன். ஜன்னலில் நின்றவர்கள் திடுக்கிட்டார்கள்.

புள்ளிகள் வந்தன. 'இருதயராஜா' கரைக்குப் பக்கத்தில், மேற்கே ஒதுங்கி வந்துகொண்டிருந்தது. பெரிய படகு போயிருந்தால் ஆளில்லாத கடலுக்குள் போயிருக்கும். அலை தூக்கித் தூக்கிப் போட, வள்ளங்கள் எல்லாம் கரையேறின. அந்தோணி அண்ணன் நனைந்து நடுங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா அக்கா அவர் தலையைத் துவட்டிவிட்டு, நேராக என்னிடம் வந்தார். செல்வின் செய்ததை அதற்குள் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அந்தப் பையன்கிட்ட சொல்லு மோளே. எங்க ஆளுவள எட்டிப் பாக்கணும்னா கரைக்கு வந்து பாக்கட்டும்."

பிஸி

மறுநாளே டிரைவரில் சில வரிகள் சேர்த்தேன். ஒருவர் திறந்திருக்கும்போது இன்னொருவர் திறக்க வந்தால், 'பிஸி' என்று கர்னல் திருப்பி அனுப்பிவிடும். யாராக இருந்தாலும் சரி.

அடுத்த வாரம் வேறு ஊர்ச் சங்கத்துக்காரர்கள் ஆர்டர் பேச ஆபீஸுக்கு வந்தார்கள். ராஜன் சார் என்னைக் கேட்காமலே, அவர்களுக்கு நேரடியாகக் காட்டலாம் என்று சங்கத்து ரிசீவரை ஆபீஸிலிருந்தே திறக்கப் பார்த்தார். பிஸி. மறுபடி திறந்தார். பிஸி. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்களில் வயதானவர் என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார். அந்த மதியத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ராஜன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் திரையிலிருந்த 'பிஸி'யைக் கைகாட்டினார்.

"முதலாளியவே உள்ள விடலேன்னா, அதத்தான் எங்களுக்கும் தாங்க."

நன்றாக ஓடுகிற வரை இப்படி ஒன்று இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாத, நின்றுபோனால் மட்டும் ஒரு கடற்கரையே திரண்டு வந்து நம் முகத்தைப் பார்க்கிற வேலை இது.