வெள்ளிக் காளான்

விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்ற ஓர் இழுவைப் படகின் மொத்த வயரிங் வேலையும் என் சித்தியுடையது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஃப்யூஸ் போனால் ஆண்பிள்ளை வரக் காத்திருந்த நாளில், அவள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, கப்பல் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் பெட்டிகளைப் பொருத்தும் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். அவளைத் தனியாக அனுப்பிய முதல் வேலை அது. ஒழுங்காக முடித்தால் இனி எப்போதும் தனியாகவே போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஓண விடுமுறை, என்னையும் கூட்டிப்போனாள். பாட்டரியிலிருந்து சிவப்பு, கறுப்பு, நடுவே ஃப்யூஸ்; கரையோடு பேச ஒரு நீளக் குச்சி ஆன்டெனா, வானத்தைக் கேட்க, காளான் வடிவில் இன்னொரு வெள்ளை ஆன்டெனா. காளானை அவள் படகுக் கூரைமேல் நின்ற கம்பியின் உச்சியில் திருகினாள். வயரின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். பெட்டியில் எண்கள் வந்தன. நாம் நிற்கும் இடத்தை வானம் சொல்கிறது என்றாள். எனக்குப் புல்லரித்தது.

மறுநாள் படகைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்று படகுக்காரர்கள் கம்பிக்கெல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி கீழே வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவில் மிச்சம் இருந்தது. காளான் மட்டும் வெளுத்துப்போய், பாவமாக நின்றது. ஏறி அடித்தேன். கோயில் கலசம் மாதிரி மின்னிற்று. யாரிடமும் சொல்லவில்லை, அவர்களே பார்க்கட்டும் என்று.

மறுநாள் பெட்டியில் எண் இல்லை. சித்தி ஃப்யூஸைப் பார்த்தாள், வோல்ட் அளந்தாள், இணைப்புகளைக் கழற்றி மாட்டினாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பெட்டிக்கு உயிருண்டு மேடம், கண்ணு மாத்திரம் இல்லல்லோ” என்றார் படகோட்டும் ஸ்ராங்கு.

சித்தி மேலே ஏறினாள். காளானில் ஒரு சின்னப் பெருவிரல் பதிந்து காய்ந்திருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இறங்கி வந்து அதிகாரியிடம், “என் தப்பு சார். ஆன்டெனாவை மூடி வைக்காம விட்டுட்டேன், பெயின்ட் ஏறிடுத்து” என்றாள்.

தப்பு தன்னுடையது என்று அவளே சொன்ன பிறகு எனக்கென்ன. தின்னர் வாங்கி என் கலசத்தை அவள் அழித்ததில்தான் கோபம். துடைக்கத் துடைக்க எண்கள் திரும்பி வந்தன. அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதினார்.

பஸ்ஸில் கேட்டாள், “அத்தனை உசரம் ஏறி யாருடி அடிச்சது?”

நான்தான் என்றேன், நிமிர்ந்து.

“ஒரு இடம் விடலையே நீ.”

என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திருவல்லம் தாண்டும்வரை நகத்து வெள்ளியைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எதற்கெல்லாமோ பாராட்டிவிட்டார்கள். எதுவும் அந்த அளவு இனிக்கவில்லை.

அடுத்த வேலையிலிருந்து அவளோடு கம்பெனி ஆள் ஒருவரும் போனார். அவள் முறுக்கிய ஒவ்வொரு திருகையும் இன்னொரு தடவை முறுக்கிப் பார்ப்பாராம். ஒரு வருஷம் அப்படி. பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்தியை விடாமல் சொன்னேன்: என் சித்திக்கு இப்போது உதவிக்கு ஆள் போட்டிருக்கிறார்கள்.