சாம்பிராணிப் புகை வெளிவந்த விரிசல்

செவ்வாய்க் கிரகத்தில் மலைச்சுவர்கள் ஏன் சரிகின்றன என்று ஆராய்வது என் மகளின் வேலை. விழுந்த சுவரின் உயரத்தையும் சாய்வையும் வைத்து, அந்தப் பாறை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுகிறாள். நான் ஜியாலஜி வாத்தியாராக இருந்தவன். படங்களில் சரிவுகளை எண்ணித் தருவேன். ஒரே பள்ளத்தாக்கில் நாற்பத்தொன்று. அங்கே ஈர்ப்பு விசை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்கே விழுகின்றன. கையளவு கல் கெட்டியாக இருக்கும். மலை முழுக்க விரிசல்.

இதை என் மகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செங்கல்பட்டைத் தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரியின் அடியில் போட்ட பதினோரு மனைகளில் ஒன்றை வாங்கிவிட்டான். பின்னால் செங்குத்தான பாறைச் சுவர். தரையிலிருந்தே பதினேழு விரிசல்களை எண்ணினேன். தரகரிடம் கேட்டால், ஒரு துண்டுக் கல்லைச் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்த சான்றிதழை நீட்டுகிறார்.

"மாமல்லபுரத்துல கீற அதே கல்லு சார். எத்தினி வருசமா நிக்குது? செவ்வாய்ல பாறை வுயுந்தா நாங்க இங்க வூடு கட்டக் கூடாதா?"

மகனும் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமல்லபுரத்தில் உளியால் செதுக்கினார்கள். இங்கே வருடக்கணக்கில் வெடி வைத்திருக்கிறார்கள்.

பூமி பூஜையன்று நல்ல காற்று. ஈசானி மூலை சுவரடியில்தான் வந்தது. காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று மருமகள் தூபக்காலை ஓர் அகன்ற விரிசலின் வாயில் வைத்தாள். புகை எங்கள் பக்கம் வரவில்லை; உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் மூன்று ஆள் உயரத்துக்கு மேலே வேறொரு விரிசலிலிருந்து கசிந்தது. பிறகு அதற்கு வலப்புறம் இன்னொன்றிலிருந்தும். மூன்று விரிசல்களும் உள்ளே ஒன்றுசேர்கின்றன என்று அர்த்தம்; லாரி அளவுப் பாறை ஒன்று பின்னால் பிடிப்பே இல்லாமல் எங்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

"மலையே தூபம் காட்டுது, நல்ல சகுனம்" என்றார் தரகர்.

மகன் இந்த முறை சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே மருமகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். பூஜைக்கு வைத்த செங்கற்களை அவனே காரில் எடுத்து வைத்தான்.

போன வாரம் மறுபடி போய்ப் பார்த்தேன். நான்கு மனைகளில் அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். புகை உள்ளே போன விரிசலைத் தரகர் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார். மழைத்தண்ணீர் வெளியேற இருந்த வழியையும் அடைத்துவிட்டார், படுபாவி. இனி தண்ணீர் உள்ளே தேங்கிப் பாறையை முன்னால் தள்ளும். செவ்வாயில் விழுந்தால் அடியில் ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை பக்கத்து மனைக்குப் பூஜை. சாம்பிராணி வாங்கி வைத்திருக்கிறேன். பூசாத விரிசல் இன்னும் பதினாறு இருக்கிறது.