செத்த குரங்கின் இரண்டாம் பாகம்

போன சனிக்கிழமை சேரன்மகாதேவியில் ஒரு குரங்கு இயேசுவைக் கூப்பிட்டது.

சிரிக்காதீர்கள்... முதல் வரிசை பெஞ்சில் உட்கார்ந்து என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஊர் ஊராகக் கொட்டகை போடும் ஒரு டிராமா கம்பெனி, ஆறு மாதத்துக்கு முன் அதே ஊரில் கொலைகாரக் குரங்கு நாடகம் போட்டது. குரங்கு ஏழு பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றது. கடைசி ஸீனில் ஒரு துரை அதைச் சுட்டார். கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. விடுவார்களா? செத்த குரங்கு பேயாக வருகிறது என்று இரண்டாம் பாகத்துக்கு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். பேய்க்குப் புது உடுப்பா? அதெல்லாம் இல்லை. சாக்கில் தேங்காய் நார் வைத்துத் தைத்த பழைய குரங்கு உடுப்பின் மேல் கொஞ்சம் சுண்ணாம்பு... தீர்ந்தது வேலை!

அந்தச் சாக்குக்குள் இரண்டு பாகத்திலும் இருந்தவன் என் சிநேகிதன் மாசிலாமணி. பாளையங்கோட்டைக்காரன், என்னோடு ஆபீசில் குமாஸ்தா. டிராமா என்றால் உயிர். ஆனால் அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட எஸ்தரின் அப்பா சேரன்மகாதேவி கிறிஸ்தவ சபையில் உபதேசியார். டிராமாக் கொட்டகைக்குள் கால் வைத்தவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்ட மனிதர். நாடகத்துக்கு மறுநாள் ஞாயிறு, ஆலயத்தில் முதல் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு அறிவிக்கிற ஓலை அது. தடை சொல்ல அவர் ஒருவர் எழுந்தால் போதும், கல்யாணம் அம்பேல்.

"முகம் தெரியாத வேஷம் குரங்கு ஒண்ணுதான்லே. யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்று தைரியமாகத்தான் பின்வாசல் வழியே உள்ளே போனான். உபதேசியாரோ கொட்டகை வாசலிலேயே நின்று, டிராமா பார்ப்பது பாவம் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார்!

சாயங்காலம் ஆறரைக்குக் குரங்குப் பேய் மேடைக்கு வந்தது. ஜனங்கள் அலற வேண்டும். யாரும் அலறவில்லை. மொத்தக் கூட்டமும் எழுந்து கும்பிட்டது.

நெல் வியாபாரி அண்ணாச்சி ஒருவர் மானேஜரைப் பிடித்துக்கொண்டார். "என்னவே இது? போன தடவை சுட்டுப் போட்டுட்டு ஒரு மாலை உண்டா, மேளம் உண்டா? அப்படியே படுதாவை இழுத்துட்டீரே! அடக்கம் பண்ணாத குரங்கு பேயா வராம என்ன செய்யும்?"

நம் பக்கத்தில் குரங்கு செத்தால் மாலை போட்டு, மேளம் அடித்து, பால் ஊற்றித்தான் அடக்கம் செய்வோம். அதைக் கம்பெனி மறந்துவிட்டது, ஊர் மறக்கவில்லை. சரி, அந்தக் குரங்கு கொன்ற ஏழு பேரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை? மூச்!

வீட்டிலிருந்தே கொண்டுவந்த மாலையும் பால் செம்புமாகக் கூட்டம் மேடை ஏறியது. படுதாவுக்குப் பின்னாலிருந்து மானேஜர் பல்லைக் கடித்தார் — "கழுத்தைப் பிடிலே!" மாசிலாமணி பாவம், கொலை செய்யக் கையைத் தூக்கினான். எதிரே நின்ற அம்மாள் ஆசீர்வாதம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்தாற்போல் ஒருவர் கற்பூரத் தட்டை முகத்தருகே நீட்டினார்.

தேங்காய் நார்... சொல்ல வேண்டுமா? குப்பென்று பிடித்தது.

"ஏசுவே! காப்பாத்தும்!"

எதிரே நின்ற அம்மாள் சட்டென்று பால் செம்பைக் குரங்கின் தலையில் கவிழ்த்தாள். தீ அணைந்தது. நான் ஓடிப்போய் முகமூடியைக் கழற்றினேன். புருவம் கருகி, பால் சொட்டச் சொட்ட மாசிலாமணி. சத்தம் கேட்டு ஓடிவந்த உபதேசியார் அவனுக்கு நேர் எதிரே நின்றார். எஸ்தர் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"ஏலே... இவ்வளவு சனமும் உன்னையா கும்பிட்டுது?"

"ஆமா மாமா..."

"அப்பத்தான் நீ ஆண்டவர் பேரைச் சொன்னியா?"

"சுட்டுப்போட்டுது, மாமா."

உபதேசியார் அதைக் காதில் வாங்கவே இல்லை. கண் கலங்கக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியளா? மாலை போட்டுக் கும்பிட்டும் மயங்கலையே! தீக்குள்ள நின்னு சாட்சி சொல்லியிருக்கான். இதுக்குன்னே கொட்டகைக்குள்ள போயிருக்கான் என் மருமவன்!"

மறுநாள் முதல் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழவில்லை. உண்மையான விசுவாசத்துக்கும் தீக்காயத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது அத்தனை சுலபமா என்ன?

இன்னும் இரண்டு ஓலை பாக்கி. கம்பெனியோ மூன்றாம் பாகத்துக்கும் மாசிலாமணியையே பேசி வைத்திருக்கிறது... உபதேசியார் பத்திரிகையைத் தொடுவதும் பாவம் என்று நினைக்கிறவர், அந்த ஒரே தைரியத்தில் இதைப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன்!