ஒன்றாம் எண் டப்பி

குரும்பகரம் அமுதத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். திமிர் பிடித்தவள் என்பார்கள். கல்யாணம் வேண்டாமென்று பட்டணத்துக்கு ஓடினவள் என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில், பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன் நான். காரைக்கால் கடைத்தெரு முகைதீன் பிச்சையின் மகன் ஜெகபர் சாதிக். நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம், சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கல்விக்கூடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். அங்கே கொடுப்பதும் டாக்டர் பட்டம்தான். ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒரு நோய் எப்படி வருகிறது என்று வருஷக்கணக்கில் துருவி, எழுதி, பெரியவர்கள் முன்னால் நின்று நிரூபிக்கிற டாக்டர். இதை என் வாப்பாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. "ஊசி போடத் தெரியாத டாக்டருக்கு யார்ரா பொண்ணு குடுப்பா?" என்றுதான் கடைசிவரை கேட்டார்.

அமுதம் எடுத்துக்கொண்டது கொக்கிப்புழு. வயல் சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தொங்கி ரத்தத்தை உறிஞ்சுகிற சனியன் அது. சொந்த ஊரிலேயே வீடு வீடாகப் பெயர் எழுதிய தகர டப்பி கொடுத்து, மலத்தை வாங்கி, கெடாமலிருக்க மருந்தில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்து, மைக்ராஸ்கோப்பில் புழுவின் முட்டையைத் தேடினாள். ஆண்களுக்கு இருந்தது. கிழவிகளுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இருந்தது. கல்யாணமாகாத பெண்களில் மட்டும் ஒருத்திக்கும் இல்லை.

எங்கள் பேராசிரியர் சண்முகசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வயதுப் பெண்களின் உடம்பில் புழுவைத் தடுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது, இதுதான் உன் ஆராய்ச்சி என்றார். எங்கள் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் எழுந்து தன் வேலையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்டே தோலை உரிப்பார்கள். அதில் தப்பித்தால் பட்டம் பாதி கையில் வந்த மாதிரி. அமுதத்தின் உதவித்தொகையும் அந்த வருஷத்தோடு முடிகிறது.

அவள் முறைக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டாள். "சாதிக், இதைப் பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். ராஜம் என்ற கல்யாணமாகாத பெண்ணின் டப்பி. "முட்டை இல்ல. அதான் தெரியுமே."

"முட்டைய விடுங்க. மிளகாத் தோல் எங்க? கீரை நார் எங்க? குழம்பு ஊத்தாம சோறு திங்கிற பொண்ணு எங்க ஊர்ல எவ இருக்கா?"

அடுத்த டப்பியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

"எல்லாம் பால் குடிக்கிற பொண்ணுங்களாக்கும்" என்றேன் கிண்டலாக.

அவள் சிரிக்கவில்லை. "ஆமா. இது கைக்குழந்தையோடது" என்றாள்.

மறுநாளே ரயிலேறினோம். காரைக்காலில் இறங்கி, மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு குரும்பகரம் பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் ஏதோ பலகாரப் பெட்டி என்று நினைத்திருப்பார்கள்.

நேரே ராஜத்தின் தாய் லோகாம்பாள் வீட்டுக்குப் போனோம். வாசலில் ராஜம் குளத்திலிருந்து ஒரு குடம் தூக்கிவந்து இறக்கினாள். அதற்கே மூச்சு வாங்கினாள். அமுதம் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பாட்டம் வெளுத்திருந்தது.

"அத்தை, ராஜம் டப்பியில யாரோடத வச்சீங்க?"

லோகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்த பேரனைக் காட்டினாள். "இவனோடதுதான். தரையில கால் படாத புள்ள, சுத்தமா இருக்குமேன்னு வச்சேன். தெருவுல பொண்ணு வச்சிருக்கவ எல்லாம் இவன்துதான் கேட்டு வாங்கிட்டுப் போனா."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒண்டி ஆளாக ஒரு தெருவையே காப்பாற்றியிருக்கிறான் பயல்.

"தையில கல்யாணம். டப்பி மேல பேரு எழுதியிருக்கு. பூச்சிக்காரின்னு வெளியில போச்சுன்னா எவன் வந்து தாலி கட்டுவான்? நீ நம்ம ஊர்ப் பொண்ணு, மாட்டேன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல."

"நீங்க குடுத்தத நம்பி, இந்தப் பொண்ணுங்களுக்கு மருந்தே வேணாம்னு எழுதிட்டேன் அத்தை. இந்த ரத்தத்த வச்சிக்கிட்டு இவ நாளைக்கு ஒரு புள்ள பெத்துப் பொழைப்பாளா?"

லோகாம்பாள் அழுதாள். ஆனால் மசியவில்லை. "நீயும் கல்யாணமாகாத பொண்ணுதானே? ஒன் பேர எழுதுவியா?"

அமுதத்துக்கு அம்பகரத்தூரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலை கோயில் வாசலில் ஸ்டூல் போட்டு மைக்ராஸ்கோப்பை வைத்தாள். பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு கண்ணாடித் துண்டைச் செருகி, முதலில் தான் குனிந்து பார்த்தாள். நிமிரக் கொஞ்ச நேரமானது. பிறகு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"முட்டை முட்டையா இருக்குடி. யாருது?" என்றாள் லோகாம்பாள்.

"என்னுது. அம்பகரத்தூர்லேந்து வந்து கேட்டாலும் சொல்லுங்க."

தன்னுடையதை அவளும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறாள். பூச்சி மருந்தை எடுத்து எல்லோர் கண்ணெதிரே விழுங்கினாள். பெயரில்லாத புது டப்பிகளைப் பரப்பினாள்.

"இனிமே பேரு கெடையாது, எண்தான். ஒண்ணு நான். ரெண்டு யாரு?"

ஒருத்தியும் அசையவில்லை. ராஜம் தாயின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தானே வந்து ஒரு டப்பியை எடுத்துக்கொண்டாள். லோகாம்பாள் தடுக்கவில்லை.

அம்பகரத்தூர்க்காரர்கள் அதன்பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போகட்டும், அவர்களுக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அமுதம் எழுந்து நின்றாள். "நான் கண்டுபிடிச்சதா சொன்னது தப்பு" என்றுதான் தொடங்கினாள். கைக்குழந்தை விஷயத்தைச் சொன்னதும் சபை சிரித்தது. புது டப்பிகளின் முடிவைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கல்யாணமாகாத பெண்களுக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாக இருந்தது.

பேராசிரியர் அவள் நீட்டிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கு வந்த பெருமை போன வருத்தம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"இந்த ஒண்ணாம் நம்பர் யாரும்மா?"

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உதவித்தொகைய இன்னொரு வருஷத்துக்கு நான் கேட்டு வாங்கித் தர்றேன். இதையே எழுது" என்றார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ஊரே பாக்கச் சாப்பிட்டேன் சார்" என்றாள் அமுதம்.