செவலையின் ஏப்பம்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போகும், ரகர றகரம் இடம் மாறும். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

நேற்று மகன் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். டர்பன்டைன் வாசம் உள்ளே வந்ததும் நான் எழுந்துவிட்டேன். எனக்கு அது பெயிண்ட் வாசமில்லை, மாட்டு மருந்து வாசம்.

எழுபதுகளில் எலப்புள்ளியில் எனக்கு ஒரு வண்டியும், மயிலை, செவலை என்று ஜோடி மாடும் இருந்தன. வண்டி ஓடினால்தான் அடுப்பெரியும். கல்யாணமாகி வந்த முதல் பட்டிப்பொங்கலுக்கு மாமனார் வீட்டு உறவெல்லாம் வந்திருந்தது. மாட்டுக்குப் பொங்கல் ஊட்டாமல் போனால் உறவுக்குக் குறை, அதனால் ஆளுக்கொரு கை வெல்லச்சோறு ஊட்டினார்கள். மயிலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. செவலை என்னைப்போல, யாரையும் மறுக்கத் தெரியாதது.

மறுநாள் விடியும்போது அதன் இடப்பக்க வயிறு முதுகுக்கு மேலே எழும்பி நின்றது. தட்டினால் தப்பட்டைச் சத்தம்.

“ஏனுங்க, மூச்சு வாங்குதுங்க,” என்றாள் மனைவி. நான் டாக்டரைத் தேடி ஓடினேன்.

டாக்டர் ஊரில் இல்லை. மிருகாஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் சைக்கிளில் வந்தார்.

“எத்தனை பேர் சோறு ஊட்டுனீங்க?”

“வந்தவிய எல்லாருந்தானுங்க.”

“பந்தியே நடத்தியிருக்கீங்க.”

கடலை எண்ணெயில் டர்பன்டைனைக் கலந்து குலுக்கி, மூங்கில் குழாயால் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பதற்றத்தில் நான் தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

“அவ்வளவு தூக்காதீங்க. நெஞ்சுக்குள்ள போச்சுன்னா மருந்தே எமன்.”

வாயில் குறுக்கே வேப்பங்குச்சியைக் கட்டி, முன்கால்களை மேட்டில் நிறுத்தினார். பிறகு ஒரு துணியை விரித்து, கூரான குழாய் ஊசி ஒன்றை அதில் வைத்தார்.

“ஏப்பம் வரலைன்னா வயித்துல இதைக் குத்தோணும். அதுக்கப்புறம் பொழைக்கிறது அது பாடு.”

ஊசியைப் பார்க்காமல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். உறவெல்லாம் சுற்றிக் குந்தி, ஒரு மாட்டின் ஏப்பத்துக்காகக் காத்திருந்தது.

“நாமெல்லாம் நேத்தே ஏப்பம் விட்டாச்சு மாப்பிள்ளை. அது ஒண்ணுதான் பாக்கி,” என்றார் மாமனார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கம்பவுண்டர் ஊசியைக் கையில் எடுத்தார். செவலை கழுத்தை நீட்டியது, கண் மேலே சொருகியது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது புளித்த வெல்லமும் டர்பன்டைனும் கலந்த காற்று நீளமாக என் முகத்தில் அடித்தது. ஊசி துணிக்குள் போனது. எனக்கு மூக்கைப் பொத்தக்கூடத் தோன்றவில்லை.

இன்று கம்பவுண்டரும் இல்லை, மூங்கில் குழாயும் இல்லை. மாடு கட்டிய இடத்தில் மகனின் டெம்போ நிற்கிறது. பட்டிப்பொங்கலன்று மனைவி இலையில் வைக்கும் ஒரு கைச் சோற்றைக் காக்காய் தின்கிறது.

நேற்று என்னையறியாமல் கொல்லைப் பக்கம் போய்க் காது கொடுத்து நின்றேன், ஏப்பம் வருமா என்று. பயம் அப்படியே இருக்கிறது. பயப்படத்தான் அங்கே மாடு இல்லை.

மாசி ஏழு, ஞாயிற்றுக்கிழமை.