டெஸ்க்டாப்பில் இருந்த கல்யாணம்

கரண்ட் போனபோது செல்வராஜின் ஹார்டு டிஸ்க் பாதி சுருங்கிய நிலையில் இருந்தது.

ஊட்டி காந்தலில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார் அவர். நான் குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த காலம். மலையில் பலரும் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். நடத்தியவர்களும் ஆல்பம் வேண்டாம் என்றார்கள். செல்வராஜின் மனைவி மல்லிகா எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர். ஃபேக்டரியை மூடியதும் அந்த வேலையும் போயிற்று.

மல்லிகா சும்மா உட்காருகிற ஆள் இல்லை. வேலையில்லாமல் எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த பெண்களுக்குத் தமிழ் டைப்பிங் வகுப்பு எடுக்க நினைத்தார். விண்டோஸுக்கு மாற்றாக யாரோ கொடுத்த லினக்ஸ் சி.டி.யில் மெனு முழுக்கத் தமிழிலேயே வரும் என்று தெரிந்ததும் எனக்கு போன் செய்தார். அவர்களிடம் இருந்ததோ ஸ்டுடியோவில் இருந்த ஒரே கம்ப்யூட்டர். ஆல்பம் சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும்.

"ரெண்டையும் ஒரே மெஷின்ல போட்டுக்கலாம்," என்றேன். "விண்டோஸ் இருக்கிற இடத்தைச் சுருக்கி, மிச்சத்துல லினக்ஸ். ஆன் பண்றப்போ எது வேணும்னு அதுவே கேட்கும்."

செல்வராஜுக்கு மனம் ஒப்பவில்லை. "ஏனுங்க மேடம், சுருக்கறப்ப என்ற போட்டோவெல்லாம் நசுங்கிப் போயிறாதுங்களா?"

"நசுங்காதுங்க. ஆனா பேக்கப் எடுக்காம நான் கை வைக்க மாட்டேன். எல்லாம் எங்கே இருக்கு?"

"இந்த ஃபோல்டர்லதானுங்க."

அந்த ஃபோல்டரை நான் கொண்டுபோயிருந்த டிஸ்க்கில் காப்பி செய்துகொண்டேன். டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததை ஒழுங்காக அடுக்க டீஃப்ராக் ஓட்டினேன். பிறகு விண்டோஸ் இருந்த பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, சுருக்க ஆரம்பித்தேன். திரையில் நீலக்கோடு மெல்ல நகர்ந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது.

செல்வராஜ் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், போட்டோதானுங்க அந்த ஃபோல்டர்ல. ஆல்பம் டிசைன் பண்ணி வெச்சது டெஸ்க்டாப்ல இருக்குதுங்க."

ஜெகதளா கிராமத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பம் அது. வெகுநாளைக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே ஆர்டர். மறுநாள் பெண் வீட்டார் டிசைன் பார்க்க வருகிறார்கள். பாதியில் நின்றால் டெஸ்க்டாப்பும் இல்லை, விண்டோஸும் இல்லை.

"இதை நிறுத்த முடியாதாக்கா?" என்றார் மல்லிகா.

"நிறுத்தினாத்தான் ஆபத்து. முடிய விடணும்."

யூ.பி.எஸ். பேட்டரி பழசு. எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதில் அதிகம் கரண்ட் குடிப்பது மானிட்டர். அதை அணைத்துவிட்டேன். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று இனி பார்க்க முடியாது. சி.பி.யு.வில் சிவப்பு லைட் மட்டும் மினுங்க, டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதன் பக்கத்தில் குனிந்து, நோயாளியின் மூச்சைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சத்தம் நின்றது.

"போயிருச்சுங்களா?" என்றார் செல்வராஜ். மானிட்டரைப் போட்டேன். வேலை முடிந்தது என்று திரையில் எழுதியிருந்தது. உடனே ரீபூட் செய்தேன். விண்டோஸ் ஒருமுறை டிஸ்க்கைச் சரிபார்த்துவிட்டுத் திறந்தது. டெஸ்க்டாப்பில் மாலையும் கழுத்துமாக மணப்பெண் சிரித்தாள். காப்பி எடுத்து முடித்த பிறகுதான் பேட்டரி தீர்ந்து யூ.பி.எஸ். அடங்கியது. செல்வராஜ் மழையில் இறங்கி ஓடினார். பேக்கரியிலிருந்து சூடான வர்க்கிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

கரண்ட் வந்ததும் லினக்ஸை ஏற்றினேன். சிக்கலே இல்லை. ஆன் செய்தால் மெனுவில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று 'லினக்ஸ்', மற்றொன்று 'அதர்'. விண்டோஸுக்கு அது வைத்த பெயர் அப்படி, 'மற்றது' என்று.

"என்ற ஸ்டுடியோவுல நான் அதருங்களா?" என்று கேட்டார் செல்வராஜ். மல்லிகா சிரித்த சிரிப்பில் வர்க்கித் தூள் கீபோர்டு முழுக்கச் சிதறியது. மெனு ஃபைலைத் திறந்து 'அதர்' என்பதை 'ஸ்டுடியோ' என்றும், 'லினக்ஸ்' என்பதை 'மல்லிகா' என்றும் மாற்றினேன்.

"யாரு பேரு மொதல்ல வரணும்?" என்று கேட்டேன்.

"அவ பேரையே போடுங்க மேடம். அவளுக்குத்தான் கூட்டம் வரும்," என்றார்.

சொன்னபடியே ஆயிற்று. சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, ஸ்டுடியோவுக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்க, தன் பெயர் திரையில் வந்ததும் ஒருத்தி கைதட்டினாள். செல்வராஜ் வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தார்.

"ஆல்பம் ஆர்டர் ஒண்ணு வந்திருக்குதுங்க மேடம்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "ஆனா ஸ்டுடியோவுக்கு மாத்தலாம்னா ரீபூட் பண்ண வுடமாட்டீங்கறாங்க!"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பார்ட்டிஷன் போடும் முன் கஸ்டமரிடம், "ஃபைலெல்லாம் எங்கே இருக்கு?" என்று கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்த இடத்தைத்தான் சொல்வார். "நேத்து என்ன வேலை பார்த்தீங்க, திறந்து காட்டுங்க," என்று கேளுங்கள். அவர் மவுஸ் எங்கே போகிறதோ, அங்கே இருந்து பேக்கப்பைத் தொடங்குங்கள்.