மூண்டு எண்டால் தூக்கவேணும்

அந்த யூலை முதலாம் திகதி நடந்தவை, வரிசைப்படி:

1. உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்த அப்பாவின் நண்பர்கள் வேறு யாருடைய வீட்டையோ மாற்றப் போய்விட்டார்கள்.
2. கீழ் வீட்டு ருஷ்யப் பெண் தன்னோடு ஜோடியாக ஸ்கேட்டிங் ஆடும் இளைஞனையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள்.
3. எங்கள் ஃபிரிட்ஜ் வெளிப்படியின் வளைவில் சிக்கிக்கொண்டது.
4. ஃபிரீசரில் அம்மா மறந்துவிட்டிருந்த மிளகாய்த்தூள் அந்த இளைஞனின் தலையில் கொட்டியது.
5. அந்தப் பெண்ணின் போட்டி வாழ்க்கை முடியாமல் தப்பியது.

நான்காவதிலிருந்து ஐந்தாவது எப்படி வந்தது என்று கேட்பார்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் ருஷ்யாவில், பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே ஐஸில் இறங்கியவள். ஆள் சின்னவள் என்பதால் ஜோடி ஸ்கேட்டிங்குக்கு மாற்றினார்கள். அங்கே ஒரே பையனோடு ஆடி வளர்ந்தாள். இளையோர் போட்டிகளில் பதக்கங்களும் வாங்கினாள். பிறகு அவனுடைய முதுகு பழுதாகி அவன் விலகிவிட, தனித்துப்போனாள். ஜோடி ஸ்கேட்டிங்கில் தனி ஆளுக்கு இடமில்லை. கனடாவில், மொன்றியலில் ஒரு கியூபெக் இளைஞனும் அப்படித்தான் ஜோடி இல்லாமல் நின்றான். இரண்டு பயிற்சியாளர்கள் தொலைபேசியில் பேசி முடிவெடுத்தார்கள். அவள் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் கீழ் வீட்டில் வந்து இறங்கினாள்.

அம்மாவுக்கு அவளைப் பார்த்ததும் கவலை வந்துவிட்டது. "இந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டு, புட்டும் கறியுமாக என்னிடம் கொடுத்துவிடுவார். அவள் பருப்பை மட்டும் சாப்பிடுவாள். மிச்சத்தை அவளுடைய ஜோடி சாப்பிடுவான். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்பாவை 'அண்ணை' என்று அழைத்ததால் அதுதான் அவர் பெயர் என்று நினைத்து அவளும், "போன்ஜூர், அண்ணை!" என்பாள். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. யாரும் திருத்தவில்லை.

நான் அப்போது மின்னணுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். கமராவைக் கையாளத் தெரியும் என்பதால், சனிக்கிழமைகளில் ஐஸ் அரங்குக்குப் போய் அவர்களுடைய பயிற்சியைப் படம்பிடித்துக் கொடுப்பேன். அவர்களைத் தடுமாறவைத்தது ஒரே ஒரு வித்தைதான். அவன் அவளை இடுப்பில் பிடித்து முன்னால் வீச வேண்டும்; அவள் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். இரண்டு சுற்று வந்தது. மூன்றில் விழுந்தாள். பெப்ரவரியில் ஒருமுறை தோள்பட்டை அடிபட விழுந்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: பயந்துவிட்டாள், பயத்தில் முந்திக் குதிக்கிறாள். படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அவன் கை எழும்பும் முன்பே அவள் முழங்கால் நிமிர்ந்துவிடும். கமரா அதைக் காட்டியது. ஏன் என்பதைக் காட்டவில்லை.

கோடை முடிவதற்குள் அந்த மூன்று சுற்று வராவிட்டால் ஜோடியைக் கலைத்துவிடுவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அவள் வயதில் இன்னொரு ஜோடி கிடைக்காது. ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். "எனக்குப் பயம் இருப்பதாக எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது" என்று ஒருநாள் மெற்றோ ரயிலில் சொன்னாள்.

வாடகை ஒப்பந்தங்கள் முடிகிற யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். நாங்கள் பக்கத்து நகரமான லவாலில் வாங்கிய வீட்டுக்குப் போகிறோம். சாமான் ஏற்றும் வான் வாசலில் நிற்கிறது, ஆட்கள் இல்லை. அப்பா படியில் நின்று ஒவ்வொருவருக்காகத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் இருவரும் மேலே வந்தார்கள்.

கட்டில், மேசை எல்லாம் சுலபமாக இறங்கின. ஃபிரிட்ஜ் கடைசி. கீழ்ப்பக்கத்தை அப்பாவும் அவனும் பிடித்தார்கள். மேல்பக்கத்தை அவளும் நானும். இரும்புப் படி வளையும் இடத்தில் கைப்பிடிக் கம்பிக்கு மேலால் தூக்கித் திருப்ப வேண்டும். அவன் பிரெஞ்சில் எண்ணினான்.

மூன்று என்றதும் அப்பா தூக்கினார், அவள் தூக்கினாள், அவர்களைப் பார்த்து நானும் தூக்கினேன். அவன் தூக்கவில்லை. ஃபிரிட்ஜ் அவன் பக்கம் சரிந்தது, ஃபிரீசர் கதவு கைப்பிடிக் கம்பியில் மோதித் திறந்தது, மிளகாய்த்தூள் டப்பா மூடி கழன்று விழுந்தது. நான்கு பேரும் ஃபிரிட்ஜை விடாமல் தும்மினோம்.

"ஐயோ, என்ரை தூள்!" என்று மேலிருந்து அம்மா.

"அங்கை ஒரு பெடியன்ரை கண் போகுது, உமக்குத் தூளோ?" என்ற அப்பா அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, மூண்டு எண்டால் தூக்கவேணும். நீர் என்ன, நாலு மட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறீரோ?"

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவன் சிவந்த கண்ணோடு, "மூன்று சொல்லி முடித்த பிறகுதானே தூக்குவது? எல்லோரும் அப்படித்தானே?" என்றான்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"மூண்டுக்குப் பிறகுதானாம், அப்பா."

"அப்ப மூண்டு என்னத்துக்கு?"

அவள் ஃபிரிட்ஜை மெதுவாகப் படியில் வைக்கச் செய்தாள். பிறகு அவனிடம் கேட்டாள்: "ஐஸிலும் அப்படியா?"

"எப்போதும் அப்படித்தான்."

"மனதுக்குள் எண்ணும்போதுமா?"

"ஓம்" என்றான். ஆம் என்பதற்கு எங்கள் வீட்டில் பழகிய சொல்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பழைய ஜோடி சின்ன வயதிலிருந்தே மூன்றிலேயே வீசுவான்; அவளும் மூன்றிலேயே எழும்பிப் பழகியவள். எண்ணிக்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, இவனுக்கும் தோன்றவில்லை. இரண்டு சுற்றில் அந்தச் சின்ன இடைவெளியை எப்படியோ சமாளித்திருக்கிறார்கள், மூன்றில் முடியவில்லை. "நான் பயப்படவில்லை" என்றாள், முதலில் ருஷ்ய மொழியில், பிறகு பிரெஞ்சில். அழுகிறாளா, மிளகாய்த்தூளா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து இருவருக்கும் முகம் கழுவிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அரங்கில் புதுச் சிக்கல். இனி யாருடைய மூன்று? அவளுக்கு ருஷ்ய எண்ணில் கால் தானாக எழும்பியது. அவனுக்குப் பிரெஞ்சு எண்ணில் கை தானாகத் தாமதித்தது. கடைசியில் இருவருக்கும் பழக்கமில்லாத எண்களை எடுத்துக்கொண்டார்கள். நான் கமராவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஐஸின் மறு கரையிலிருந்து இரண்டு குரல்கள், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றன. அன்று அவள் விழுந்தாள். ஆனால் கையும் காலும் ஒரே ஃபிரேமில் எழும்பியிருந்தன. ஓகஸ்டில் மூன்று சுற்றும் முடித்து ஒற்றைக் காலில் இறங்கினாள். பயிற்சியாளர் அது என்ன மொழி என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தப் போட்டிப் பருவத்தில் நாட்டளவிலான போட்டியில் நான்காவதாக வந்தார்கள். அதற்குப் பிறகும் சில பருவங்கள் ஆடினார்கள். பெரிய பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அவள் தன் விருப்பப்படி ஒரு வசந்தத்தில் நிறுத்தினாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.

அன்று அப்பாவின் நண்பர்கள் வராமல் போனதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அப்பா மட்டும் அவர்களை மன்னிக்கவில்லை.

இப்போது அவள் மொன்றியலுக்கு அடுத்துள்ள லொங்குய்யில் சிறுவர்களுக்கு ஸ்கேட்டிங் பழக்குகிறாள். அவன் தீயணைப்பு வீரனாக இருக்கிறான். நான் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறேன். ஃபிரிட்ஜ் லவால் வீட்டு நிலக்கீழ் அறையில் நிற்கிறது. கதவில் ஒரு பள்ளம் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது.